ஏடெழுதியவர் யார்?

"அது டெக்னீஷியன் பார்த்துக்கொள்ளும் வேலை." மொழியியல் துறைகளிலும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளிலும் மிக எளிதாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. ஒலியனா மாற்றொலியா என்று அரைநாள் வாதிடும் கருத்தரங்குகளில், அந்த ஒலி எந்தக் கம்பி வழியாக, எந்தச் சில்லு வழியாகக் கணினிக்குள் வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், கேட்டவர் துறை மாறிவிட்டார் என்று புன்னகை செய்வார்கள். இந்த நீள்பதிவு அந்தப் புன்னகைக்கு எதிரானது. கேப்சர் கார்டு என்று கடைகளில் வழங்கும் காணொளி உள்வாங்கும் அட்டையை, அதிலும் பல உள்ளீடுகள் கொண்ட அட்டையை, ஒரு லினக்ஸ் கணினியில் பொருத்தி அது என்ன செய்கிறது என்று பார்க்கத் தெரிந்திருப்பது, பேச்சை ஆராய்பவரின் புலமையில் ஒரு பகுதி. பிறரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவக்கூடிய வேலை அன்று.

ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. பெங்களூரின் தென்கோடியில், ஓசூர்ச் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தால் சந்தாபுரா. ஆனேக்கல்லுக்கும் தொம்மசந்திராவுக்கும் சாலை பிரியும் இடம்; அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிட்டது. கன்னடம், தெலுங்கு, தமிழ், தக்கினி உருது ஆகியவை தலைமுறைகளாகப் புழங்கும் ஆனேக்கல் வட்டத்துக்குப் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள் ஒடியாவையும் வங்காளத்தையும் இந்தியின் பல வட்டார வடிவங்களையும் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. பன்மொழியத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுபவர்கள் நூலகத்தில் தேடுவது இங்கே காய்கறிக் கடையில் கிடைக்கிறது.

அந்தக் காய்கறிக் கடையில் நால்வர் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். விற்பவரின் வீட்டுமொழி தெலுங்கு. வாங்க வந்த இருவரில் ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு ஒடியா. பக்கத்துக் கடைக்காரர் கன்னடத்தில் குறுக்கே பேசுகிறார். ஒரே மூச்சில் மூன்று மொழிகள் மாறும். ஏன் அந்தச் சொல்லில் மாறியது, ஏன் அடுத்த சொல்லில் திரும்பியது என்ற கேள்விக்கு விடை ஒலிப்பதிவில் மட்டும் இல்லை. யார் யாரைப் பார்த்தார் என்பதில் இருக்கிறது. கேட்பவரின் பார்வை தம்மீது விழாதபோது பேசுபவர் வாக்கியத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குகிறார் என்று சார்லஸ் குட்வின் 1980களின் தொடக்கத்திலேயே காணொளிகளைக் கொண்டு காட்டினார். அதுவரை 'தடுமாற்றம்', 'பிழை' என்று ஒதுக்கப்பட்டவை ஒழுங்குள்ளவை என்று தெரியவந்தது அப்படித்தான். பார்வை திரும்புவதற்கு நொடியின் சிறு பின்னம் போதும். நான்கு முகங்களுக்கு ஒரு கேமரா போதாது. நான்கு கேமராக்கள் வேண்டும்; நான்கும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும்.

தனித்தனிக் கேமராக்களில் பதிந்துவிட்டுக் கைதட்டல் ஒலியைக் கொண்டு பின்னர் ஒத்திசைப்பது வழக்கம். தொடக்கம் ஒத்துப்போகும், ஒரு மணி நேரத்துக்குப் பின் ஒத்துப்போகாது. ஒவ்வொரு கருவியின் படிகக் கடிகாரமும் சற்றே வேறு வேகத்தில் ஓடுகிறது. இரு கருவிகளுக்கிடையே பத்து லட்சத்தில் 100 பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி விலகும். நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் பால் முறைக் காணொளியில் அது 9 சட்டகங்கள். இரட்டித்த ஒற்றின் அடைப்பு நேரத்தை மில்லிநொடிகளில் அளந்து அட்டவணை போடும் துறை, கண்ணசைவுக்கும் சொல்லுக்கும் இடையே 360 மில்லிநொடி ஓட்டையை விட்டுவைத்திருக்கிறது.

ஆகவே, நான்கு உள்ளீடு கொண்ட அட்டை. இங்கேதான் பெட்டியின் மேலுள்ள எழுத்து பொய் சொல்லத் தொடங்குகிறது. 'நான்கு சேனல்' என்று அச்சிட்ட அட்டைகளில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றில் நான்கு துளைகள் இருக்கும். உள்ளே குறிவிலக்கும் சில்லு ஒன்றே. அது ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் படமெடுக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் புதிய சமிக்ஞையோடு இசைந்துகொள்ளச் சில புலங்கள் வீணாகும். நொடிக்கு 25 என்று எழுதியிருப்பது நான்குக்கும் பொதுவான கூட்டுத்தொகையாக இருக்கும். ஒரு கேமராவுக்குக் கிடைப்பது ஐந்தோ ஆறோ, சில வேளைகளில் அதற்கும் குறைவு. கிடங்கு வாசலில் நிற்கும் லாரியைப் பார்க்க அது போதும். கண்ணிமை அசைவுக்குப் போதாது. மற்றோர் இனத்தில் ஒவ்வொரு துளைக்கும் தனிச் சில்லு இருக்கும். இரண்டும் வெளியிலிருந்து பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல. விலைப்பட்டியலிலும் ஒரே பெயர்.

விண்டோசுக்கென அட்டையோடு வரும் மென்பொருள் திரையை நான்காகப் பிரித்து நான்கு அழகிய சாளரங்களைக் காட்டும். எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும். லினக்ஸ் கெர்னலோ பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. அட்டையைப் பொருத்திக் கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடச் சொன்னால், சில்லு ஒன்றா நான்கா என்று அது சொல்லிவிடும். ஒரே சில்லு என்றால் வீடியோ0 என்ற ஒரே சாதனக் கோப்பு உருவாகும். அதனுள் நான்கு உள்ளீடுகள் எண்ணிடப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேரலாம். நான்கு சில்லுகள் என்றால் வீடியோ0 முதல் வீடியோ3 வரை நான்கு கோப்புகள். இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையை எந்தத் துறையின் கொள்முதல் குழுவும் கேட்டு வாங்குவதில்லை என்பதுதான் வியப்பு.

கெர்னலின் காணொளி இடைமுகமான 'வீடியோ ஃபார் லினக்ஸ்' இரண்டாம் பதிப்பு இன்னொன்றையும் செய்கிறது. வந்துசேரும் ஒவ்வொரு சட்டகத்தோடும் ஒரு வரிசை எண்ணையும் ஒரு நேரக்குறியையும் அது தருகிறது. எண் 4,117க்குப் பிறகு 4,119 வந்தால் 4,118 தொலைந்தது என்று பொருள். பெட்டியாக மூடிவிற்கும் கருவிகள் பலவற்றில் இந்த எண் வெளியே வருவதில்லை. தொலைந்த சட்டகத்தின் இடத்தில் முந்தியதையே இன்னொரு முறை வைத்துவிட்டு அவை பேசாமலிருக்கும். ஆய்வாளர் அந்த இடத்தில் 'பார்வை நிலைத்திருந்தது' என்று குறிப்பெழுதுவார். நிலைத்திருந்தது பார்வையா, கருவியா?

உ.வே. சாமிநாதையரின் பெயரைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தபோது, எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது, எது குறைப்பிரதி, எதில் எந்தப் பாடம் என்பதையெல்லாம் பதிப்பின் பகுதியாகவே கருதினார். ஏடெழுதியவரின் கை தவறும் என்பது அவருக்குத் தெரியும். தவறும் கையை அடையாளம் கண்டால் தவற்றையும் அடையாளம் காணலாம் என்பதும் தெரியும். தமிழ்த் துறைகளில் மூலபாடத் திறனாய்வைக் கற்பிப்பவர்கள் இதை ஆண்டுதோறும் விரித்துரைக்கிறார்கள். அதே கட்டடத்தின் மாடியில், ஒரு பழங்குடி முதியவரின் கதைசொல்லல் பதிந்த நாடா ஒரு கறுப்புப் பெட்டியின் வழியே கணினிக்குப் போகிறது. படியெடுப்பவர் அந்தப் பெட்டி. அதன் கை எங்கே தவறும் என்று எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, நிரல் மூடப்பட்டது.

நாடாக்களின் நிலை சந்தாபுராக் கடைவீதியைவிட மோசம். கடைக்கு நாளையும் போகலாம். கடைசியாக விஎச்எஸ் கருவிகளைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களின் நிலையைப் பற்றி யுனெஸ்கோவும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் இணைந்து எச்சரிக்கைத் திட்டம் ஒன்றை 2019இல் தொடங்கின. நாடா உதிர்வதைவிட அதை இயக்கும் கருவியும் உதிரிப்பாகமும் இல்லாமல் போவதுதான் விரைவில் நடக்கும் என்பதே அதன் சாரம். அந்தமானின் போ மொழியை இறுதியாகப் பேசிய போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். அவருடைய குரலை அன்விதா அபி பதிந்து வைத்ததால் அந்த மொழி இன்று ஓரளவேனும் கேட்கிறது. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013இல் தொடங்கிய அழிநிலை மொழிகளுக்கான திட்டம் 10,000க்கும் குறைவானோர் பேசும் மொழிகளை எடுத்துக்கொண்டது. முதற்கட்டத்தில் மட்டும் 117 மொழிகள். இப்படிப்பட்ட ஒரு மொழியின் பழைய பதிவு பல்கலைக்கழக அலமாரி ஒன்றில் இருக்குமானால், அதைச் சரியாக ஒரு முறை ஓட்டுவதற்கே வாய்ப்பிருக்கலாம். அந்த ஒரு முறையில் எந்த உள்ளீடு தேரப்பட்டிருந்தது என்பது சிறிய கேள்வி அன்று.

ஏனெனில், ஒளிச்செறிவும் நிறமும் தனித்தனியே வரும் எஸ்-வீடியோ உள்ளீடும், இரண்டையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் காம்போசிட் உள்ளீடும் ஒரே படத்தைத் தருவதில்லை. ஹை8, எஸ்-விஎச்எஸ் நாடாக்களில் நிறம் தனியாகவே பதிவாகியிருக்கும். அதை வெளியே எடுக்கும்போது கலந்து, அட்டைக்குள் மீண்டும் பிரித்தால், விளிம்புகளில் புள்ளிகள் ஊரும். உதட்டின் விளிம்பும் ஒரு விளிம்புதான். பல உள்ளீட்டு அட்டையில் உள்ளீடு எண் 0 எது, 1 எது என்று பார்க்காமல் கிடைத்த துளையில் கம்பியைச் செருகுபவர், தம்மை அறியாமலேயே ஒரு பாடத்தைத் தேர்ந்துவிட்டார்.

புலங்களின் கதை இன்னும் வருத்தமானது. பால் முறையில் ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள் என்பது பாதி உண்மை. ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று வெவ்வேறு கணங்களில் பதிந்த இரண்டு புலங்களால் ஆனது. ஆக, நொடிக்கு 50 கணங்கள் நாடாவில் இருக்கின்றன. மலிவான பெட்டிகள் ஒரு புலத்தை எறிந்துவிட்டோ இரண்டையும் குழைத்தோ 'மென்மையான' படம் தரும். நகரும் கையைப் பதிந்த நாடாவில் பாதி அசைவு அத்தோடு போயிற்று. சைகை மொழியை ஆராய்பவர்களுக்கு இது வெறும் தரக்குறைவு இல்லை, எழுத்து தொலைவது. விரல்களால் எழுத்துக்கூட்டும்போது ஓர் எழுத்து இரண்டு மூன்று சட்டகங்களுக்குள் கடந்துவிடக்கூடும். இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் டெல்லியில் 2015இல் அமைந்தது. 2018இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. இனி வரப்போவது தரவகங்களின் காலம். அந்தத் தரவகங்களுக்குப் பழைய நாடாக்களும் போகும். லினக்ஸில் இரண்டு புலங்களையும் வந்தபடியே, இழப்பில்லாத எஃப்எஃப்வி1 வடிவத்தில் சேமிக்கலாம். 2021இல் அது இணையப் பொறியியல் குழுவின் ஆவணமாகவே வெளியாகிவிட்டது. இடம் கேட்கும். சுருக்காத நிலையில் 720க்கு 576 என்ற அளவுள்ள படம் நொடிக்கு 20.7 மெகாபைட், மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட். இழப்பில்லாச் சுருக்கம் அதைக் கணிசமாகக் குறைக்கும். நாற்காலி வாங்கும் செலவில் வன்தட்டு வாங்கிவிடலாம்.

எச்டிஎம்ஐ காலத்தில் இந்தச் சிக்கல்கள் இல்லை என்பவர்கள், கைவிரல் அளவில் விற்கும் யுஎஸ்பி குச்சிகளைப் பார்க்கட்டும். 1920க்கு 1080 அளவுள்ள படத்தை நொடிக்கு 30 சட்டகமாகச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு 124 மெகாபைட் வேண்டும். யுஎஸ்பி 2.0 தாங்குவது கோட்பாட்டளவிலேயே 60. எனவே குச்சி தனக்குள்ளேயே படத்தைச் சுருக்கிவிடுகிறது. பெட்டியில் அது எழுதியிராது. எந்த அளவில், எந்த வடிவத்தில், எத்தனை சட்டகம் என்று கெர்னலைக் கேட்டால் ஒரு பட்டியலாகத் தந்துவிடும்.

இனி, மறுப்புகள். லினக்ஸ் கடினம் என்பது முதலாவது. அதில் உண்மை இருக்கிறது. தன் அடையாளத்தைத் தானே சொல்லத் தெரியாத மலிவு அட்டைகள் உண்டு. அவற்றுக்கு இயக்கி நிரலின் 150க்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட பட்டியலைப் பார்த்து எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் கறுப்புத் திரைதான். நான்கு யுஎஸ்பி குச்சிகளை ஒரே இணைப்பில் ஓட்ட முயன்றால் 'சாதனத்தில் இடமில்லை' என்று ஒரு பிழைச்செய்தி வரும். பலர் வன்தட்டைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள். இடமில்லாதது வன்தட்டில் அன்று, யுஎஸ்பி தடத்தின் அலைவரிசை ஒதுக்கீட்டில். பொருண்மையியல் படிப்பவர்களுக்கு நல்ல பயிற்சி வினா. களத்தில் நிற்பவருக்கு நல்லதன்று. ஆனாலும் ஒரு கேள்வி. பன்னாட்டு ஒலிக்குறியீடு எளிதா? நிறமாலைப் படத்தில் அதிர்வலைத் திரட்சியை அடையாளம் காண்பது எளிதா? கடினமானவை என்பதால்தான் அவற்றுக்குத் தாள் வைத்துக் கற்பிக்கிறார்கள். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பதின்வயதுப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி படித்துத் தேர்வெழுதுகிறார்கள். முனைவர் பட்ட மாணவருக்கு அது எட்டாது என்பதை நம்புவது கடினம்.

விலையுயர்ந்த கருவியே நல்லது என்பது இரண்டாவது. நல்ல கருவி நல்லதுதான். நாடாவின் நேர நடுக்கத்தைச் சரிசெய்யும் கருவி இல்லாமல் எந்த இயங்குதளமும் அற்புதம் செய்யாது. உயர்விலை அட்டைகள் சில லினக்ஸுக்கும் மூடிய இயக்கி நிரலையே தருகின்றன. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அவை நின்றுபோகும். லினக்ஸ் என்ற பெயர் திருநீறு அன்று, பூசிய மாத்திரத்தில் வினை தீர. கேட்க வேண்டியது கெர்னலுக்குள்ளேயே திறந்த நிலையில் இருக்கும் இயக்கி நிரல். அதற்கு ஒரு வரலாறே சான்று. புரூக்ட்ரீ என்ற நிறுவனத்தின் பிடி848, பிடி878 வரிசைச் சில்லுகள் 1990களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அந்நிறுவனம் ராக்வெல்லுக்குப் போய், கானெக்சன்ட் ஆகி, அதுவும் 2017இல் சினாப்டிக்ஸுக்குப் போய்விட்டது. சில்லைப் பெற்றவர்கள் எவரும் இன்று பொறுப்பில் இல்லை. ஆனால் அதன் லினக்ஸ் இயக்கி நிரல் உயிரோடிருக்கிறது. 2023இல் கெர்னலின் புதிய முறைக்கேற்ப மாற்றியும் எழுதப்பட்டது. எஸ்.பி. ரோட்டின் பழைய கணினிக் கடைகளில் எவரும் சீந்தாத ஓர் அட்டை இன்றைய கெர்னலோடு பேசும் என்பது இதனால்தான். ஒரே எச்சரிக்கை: நான்கு சில்லும் சேர்ந்து நொடிக்கு 83 மெகாபைட் தள்ளும், பழைய பிசிஐ தடத்தின் மொத்தக் கொள்ளளவே 133. அதே தடத்தில் வேறு எதையும் செருகக் கூடாது.

லினக்ஸ் அன்பர்களுக்கும் பங்குண்டு. 'இலவசம்' என்ற ஒற்றைச் சொல்லால் இதைத் துறைகளுக்கு விற்க முயன்றவர்கள் அவர்கள். மானியத்தை மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டிய துறைக்கு இலவசம் ஒரு கவர்ச்சியே அன்று. உதவி கேட்ட மொழியியல் மாணவரிடம் 'கையேட்டைப் படி' என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் அவர்களே. கட்டளைகளைத் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தால் பல நாடாக்கள் தப்பியிருக்கும். சந்தாபுராவிலிருந்து சில கிலோமீட்டரில் எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே இயக்கி நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். மாலையில் வீடு திரும்பும் வழியில், ஆய்வுக்குரிய அந்தக் காய்கறிக் கடையில் நின்று வெங்காயம் வாங்குகிறவர்களும் அவர்கள்தாம். இரு தரப்பும் ஒரு முறை பேசிக்கொண்டால் போதும்.

இதற்கிடையே ஆய்வேடுகளின் 'ஆய்வுமுறை' இயலில் ஒரு வாக்கியம் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது: 'உரையாடல்கள் காணொளியாகப் பதிவு செய்யப்பட்டன.' செயப்பாட்டு வினையில் வினைமுதல் மறைவதைப் பற்றிக் கட்டுரை எழுதும் துறையிலிருந்து இப்படி ஒரு வாக்கியம். எதனால் பதிவு செய்யப்பட்டன? எந்தச் சில்லு, எந்த உள்ளீடு, எத்தனை கேமராவுக்கு எத்தனை குறிவிலக்கி, புலங்கள் காக்கப்பட்டனவா, ஒலியும் படமும் ஒரே கடிகாரத்திலா, எத்தனை சட்டகங்கள் தொலைந்தன, எந்தக் கெர்னல் பதிப்பு: மொத்தம் அரைப்பக்கம். புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்கத் தொடங்கினால் அடுத்த ஆண்டே எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

துறைத் தலைவர்களுக்கு இன்னும் எளிய வேலை ஒன்று இருக்கிறது. கேப்சர் கருவிக்கான அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் 'விண்டோஸில் இயங்க வேண்டும்' என்ற வரியை அடித்துவிட்டு, 'இயக்கி நிரல் லினக்ஸ் கெர்னலின் பொது வெளியீட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனிக் குறிவிலக்கி இருக்க வேண்டும்' என்று எழுதலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதற்கும் முந்திய பதிப்பை, ஒரே ஒரு பெட்டிக்காக, வலையமைப்பிலிருந்து துண்டித்து மூலையில் வைத்துக் காப்பாற்றிவரும் ஆய்வகங்கள் எவை என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கணினியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: 'தயவுசெய்து அப்டேட் செய்ய வேண்டாம்.'